கட்டளை நின்ற காலை: ஜார் ஆட்சியின் முடிவும் அதை நாம் வாசித்த விதமும்

1. பழகிப்போன ஒரு வாக்கியம்

ஜார் மன்னனை லெனின் வீழ்த்தினார் என்பது தமிழ்நாட்டு மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கேட்டிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத் தொழிற்சங்க வாயிற்கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் உணர்வில் குறையில்லை. ஆனால் நடந்தது அதுவல்ல.

கடைசி ஜாரான இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தது 1917 மார்ச் 15. அன்று லெனின் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் இருந்தார். அவர் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராது வந்து இறங்கியது ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 16 இரவு. நவம்பரில் லெனினின் போல்ஷ்விக் கட்சியினர் கவிழ்த்தது ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசை. அப்போது ஜார் குடும்பம் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரத்தில் காவலில் இருந்தது.

இதை வெறும் தேதிப் பிழையாக விட்டுவிட முடியாது. முந்நூறு ஆண்டுப் பழைய முடியாட்சி ஒன்பது நாளில் கரைந்தது எப்படி என்ற கேள்வியையே இந்த வாக்கியம் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஜாரை வீழ்த்தியது யார்? எந்தக் கணத்தில் அவர் ஆட்சி உண்மையில் முடிந்தது? தமிழில் நாம் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்தோம்? இக்கட்டுரை இவற்றைப் பின்தொடர்கிறது.

தேதி பற்றி ஒரு குறிப்பு. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நம்முடையதற்கு 13 நாள் பின்தங்கியது. பிப்ரவரிப் புரட்சி மார்ச்சிலும் அக்டோபர்ப் புரட்சி நவம்பரிலும் வருவது இதனால்தான். கீழே ரஷ்ய நிகழ்ச்சிகளுக்குப் பழைய தேதிகளையே தருகிறேன்.

2. பழவேற்காட்டிலிருந்து ஒரு நூலிழை

ரஷ்ய மன்னர்களின் கதை நமக்கு எட்டாத பனிநாட்டுக் கதை என்று தோன்றும். திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதைத் தொடும் ஓர் இடம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. அதே 1613இல்தான் மாஸ்கோவில் கூடிய நாட்டவை மிகயில் ரோமனோவ் என்ற பதினாறு வயதுச் சிறுவனை ஜாராகத் தேர்ந்தெடுத்தது. பழவேற்காடு 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1697இல் மேற்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போன ஜார் பீட்டர், ஆம்ஸ்டர்டாமில் அதே கம்பெனியின் கப்பல்கட்டும் துறையில் தச்சராக உளியும் கோடாரியும் பிடித்து வேலை கற்றார். இந்தக் கரையின் துணி வணிகத்தில் செழித்த கம்பெனியின் தொட்டியில்தான் ரஷ்யக் கடற்படைக்கான ஒரு பாடம் நடந்தது.

இன்னொரு இழையும் உண்டு, கசப்பானது. பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் ஏற்றியது துணி மட்டுமல்ல. பஞ்சக் காலங்களில் விலைக்கு வாங்கிய மனிதர்களையும் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றினார்கள். அதே நூற்றாண்டில், 1649ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ரஷ்ய உழவரை நிலத்தோடும் நிலவுடைமையாளரோடும் பிணைத்துப் பண்ணையடிமையாக்கியது. ஓடிப்போனவரைத் தேடிப் பிடிக்கக் கால வரம்பே கிடையாது என்றானது. ஜார் ஆட்சி நின்ற அடித்தளம் இதுதான். நிலவுடைமையாளர் மன்னருக்கு ஊழியம் செய்வார். உழவர் நிலவுடைமையாளருக்கு ஊழியம் செய்வார். மன்னர் கடவுளுக்கு மட்டும் பதில் சொல்வார்.

பீட்டர் 1721இல் பேரரசர் பட்டம் சூடினார். அதன்பின் வந்த வரலாற்றில் நம் கேள்விக்கு வேண்டியது ஒன்று. ரஷ்ய மன்னர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் முடியாட்சி பிழைத்தது. மூன்றாம் பீட்டர் 1762இல் தன் மனைவி காத்தரீனின் ஆட்களால் பதவியிழந்து கொல்லப்பட்டார். அந்தக் காத்தரீன் 34 ஆண்டு ஆண்டார். பேரரசர் பவெல் 1801இல் தன் கோட்டை அரண்மனையின் படுக்கையறையிலேயே அதிகாரிகளால் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் தோன் ஆற்றங்கரைக் கொசாக்குப் படையை இந்தியாவை நோக்கி அனுப்பியிருந்தார். புதிய ஜார் அலெக்சாந்தர் அந்தப் படையைப் பாதிவழியில் திரும்ப அழைத்தார். பண்ணையடிமை முறையை 1861இல் ஒழித்த இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் தெருவில் வெடிகுண்டுக்கு இரையானார். மறுநாளே மகன் பட்டத்தில் இருந்தார், முன்னைவிட இறுக்கமான ஆட்சியோடு.

அந்த 1861 விடுதலையும் அரைகுறையானது. உழவர் தம் நிலத்துக்கு 49 ஆண்டு மீட்புத் தவணை கட்ட வேண்டும். ஊர்க்கூட்டம் அனுமதித்தால்தான் வெளியூர் போகக் கடவுச்சீட்டு. 1905 எழுச்சிக்குப் பிறகே அந்தத் தவணை நின்றது. தவணை கட்ட நகரத்து ஆலைக்கு வந்து, அறுவடைக்கு ஊர் திரும்பும் தலைமுறைகள் இப்படி உருவாயின. 1917 பிப்ரவரியில் தெருவில் நின்றவர்கள் இவர்களின் பிள்ளைகள்.

3. கொடுங்கோல் என்னும் கண்ணாடி

தமிழில் ஜாரின் வீழ்ச்சி என்றதும் பாரதி நினைவுக்கு வருவார். 1906இலேயே சென்னையில் ‘இந்தியா’ வார இதழில் ரஷ்யக் கிளர்ச்சியைப் பற்றி எழுதியவர் அவர். 1917இல் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்தபோது நிகழ்ந்த மாற்றத்தை ‘புதிய ருஷியா’ என்ற கவிதையில் பாடினார். அதன் துணைத்தலைப்பே ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியைத்தான் குறிக்கிறது. அந்தப் பாடல் பிப்ரவரிப் புரட்சியைப் பற்றியதா, அக்டோபரைப் பற்றியதா என்று தமிழறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். எழுதப்பட்ட நாள் எதுவாயினும், பாடப்பட்ட பொருள் பிப்ரவரியின் நிகழ்ச்சி என்றே நான் கொள்கிறேன். வீழ்ந்தது ஜார் என்றுதான் கவிஞர் சொல்கிறார், இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி என்றல்ல. லெனினைப் பற்றிப் பாரதி தனியாகவும் எழுதினார்: ‘செல்வம்’ என்ற கட்டுரையில் பொதுவுடைமை நோக்கத்தை மதித்து, கொலைவழியை ஏற்க மறுத்தார். இரண்டையும் அவர் பிரித்தே பார்த்தார். பின்வந்த நாம்தான் சேர்த்துக் கட்டினோம்.

கவிதையின் கட்டமைப்பு நம் கேள்விக்கு முக்கியமானது. அதில் பராசக்தி கடைக்கண் வைக்கிறாள்; இரணியனை ஒத்த அரசன் மலை சரிவதுபோல் சரிகிறான்; கலி போய்க் கிருதயுகம் எழுகிறது. உழவர் பட்ட பசியும் சைபீரியச் சிறையும் பாட்டில் இருக்கின்றன. ஆனால் சாய்ப்பது அறம். இது பாரதியின் குறை என்று நான் நினைக்கவில்லை. திருக்குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை. சிலப்பதிகாரத்தில் தன் தீர்ப்புப் பிழைத்ததை அறிந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விடுகிறான்; அவனைக் கொல்ல யாரும் வரவில்லை. முறை தவறிய கோல் தானே வளையும், தானே ஒடியும் என்பது நம் மொழியின் ஆழத்தில் இருக்கும் அரசியல் கோட்பாடு. மாபெரும் பேரரசு ஒன்று சரிந்த செய்தி புதுச்சேரிக்கு வந்தபோது, அதைத் தமிழாகச் சொல்லக் கைக்கு எட்டிய சொற்கள் இவையே.

இந்தியாவெங்கும் முதல் வரவேற்பு இத்தன்மையதே. 1918இல் வெளியான மாண்டேகு–செம்ஸ்போர்டு அறிக்கைகூட, ரஷ்யப் புரட்சி தொடங்கியபோது இந்தியாவில் அது எதேச்சாதிகாரத்தின் மீதான வெற்றியாகவே கருதப்பட்டது என்று பதிவு செய்கிறது. அறிக்கையை எழுதியவர்களுக்கு அதில் அச்சம் இருந்தது, காரணமும் இருந்தது. நம் நாட்டு வெள்ளி ரூபாயில் முகம் பொறித்திருந்த ஐந்தாம் ஜார்ஜ், நிக்கோலஸின் பெரியம்மா மகன். இருவரும் இரட்டையர் போல இருப்பார்கள். பதவியிழந்த ஜாருக்கு இங்கிலாந்தில் அடைக்கலம் தர முதலில் ஒப்புக்கொண்ட பிரிட்டன் பிறகு பின்வாங்கியது. மன்னர் ஜார்ஜே அதை விரும்பவில்லை. தன் மக்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்.

பிறகு சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். பெரியார் 1932இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ் நூல்கள் மலிவு விலையில் சிற்றூர் வரை வந்தன. என் தலைமுறைக்கு ரஷ்யா என்றால் அந்த வழவழப்பான தாளின் மணம். இந்த இரண்டாம் அலை அக்டோபரை ஒளியில் வைத்தது; பிப்ரவரி அதன் முன்னுரையாகச் சுருங்கியது. மூன்றாவதாக, வார இதழ்கள் ரஸ்புதீன் கதையை விரும்பி எழுதின: மந்திரச் சாமியார், மயங்கிய அரசி, கையாலாகாத அரசன். மூன்றும் வேறு வேறு அரசியல். ஆனால் அறமோ, தலைவரோ, சாமியாரோ யாராவது ஒருவர் மன்னனை முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் ஒன்றுபடுகின்றன.

4. பிப்ரவரி 23 முதல் மார்ச் 3 வரை

நிக்கோலஸ் கொடூரமான மனிதர் அல்ல என்பது அவர் நாட்குறிப்பைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒப்புவது. நல்ல தகப்பன், கூச்ச சுபாவம், கடமையை விடாதவர். பட்டத்து இளவரசராக 1890–91இல் கீழைநாடுகளைச் சுற்றியபோது இந்தியாவையும் இலங்கையையும் பார்த்தவர். அதே பயணத்தில் ஜப்பானின் ஓட்சு நகரத்தில் காவலன் ஒருவன் வாளால் வெட்டித் தலையில் காயம்பட்டவர். ஆனால் அதிகாரத்தைப் பங்கிடுவது தந்தையிடம் பெற்ற சொத்தைச் சூறைவிடுவது என்று நம்பினார். 1905 ஜனவரி 9 ஞாயிறன்று மனுக் கொடுக்க வந்த தொழிலாளர் குடும்பங்களைப் படை சுட்டது. அன்று ஜார் தலைநகர அரண்மனையிலேயே இல்லை. அந்த எழுச்சிக்குப் பணிந்து டூமா என்ற நாடாளுமன்றத்தை அனுமதித்தவர், 1906 அடிப்படைச் சட்டத்தில் ‘வரம்பற்ற’ என்ற சொல்லை நீக்க ஒப்பினாலும் ‘எதேச்சாதிகாரி’ என்ற பட்டத்தை விடவில்லை. முதல் இரண்டு டூமாக்களைக் கலைத்தார். 1907 ஜூன் 3இல் வாக்குரிமைச் சட்டத்தையே நிலவுடைமையாளருக்குச் சாதகமாக மாற்றினார்.

1914இல் போர் வந்தது. அதன் நெருப்பு நம் கரையையும் தொட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பல், அடுத்த மாதம் பினாங்கில் ரஷ்யப் போர்க்கப்பல் ழெம்சுகை மூழ்கடித்தது. ரஷ்யா ஒன்றரைக் கோடிப் பேரைப் படைக்குத் திரட்டியது. 1915இல் நிக்கோலஸ் தாமே தலைமைத் தளபதியாகி மொகிலியோவ் முகாமுக்குப் போனார். இனி ஒவ்வொரு தோல்வியும் அவர் தோல்வி. தலைநகரம் அரசியின் கையில்; 1916 ஜனவரியிலிருந்து பதின்மூன்று மாதத்தில் நான்கு பிரதமர்கள். ரஸ்புதீன் 1916 டிசம்பரில் கொல்லப்பட்டார். ஆட்சி நலிந்ததற்கு அவர்தான் காரணம் என்றால், அவர் போனதும் தேறியிருக்க வேண்டும். பத்து வாரத்தில் அது விழுந்தது.

1917 ஜனவரி, பிப்ரவரியில் கடுங்குளிர். ரயில் எஞ்சின்களின் கொதிகலன்கள் உறைந்து வெடித்தன. தெற்கில் தானியம் இருந்தது. தலைநகருக்கு வந்து சேரவில்லை. ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வரப்போகிறது என்ற வதந்தி பரவியதும் கடை வாசல்களில் விடியுமுன்னே வரிசை நின்றது. பிப்ரவரி 22இல் நகரத்தின் மிகப்பெரிய ஆலையான புத்திலோவ் உருக்கு ஆலை கதவடைத்தது. மறுநாள் உலகப் பெண்கள் நாள். விபோர்க் பகுதியின் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்றே புரட்சிக் கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். பெண்கள் கேட்கவில்லை. பக்கத்து இரும்பாலைகளின் சன்னல்களில் பனிக்கட்டி எறிந்து ஆண்களையும் வெளியே அழைத்தார்கள். மூன்றாம் நாள் தலைநகரம் முழுவதும் பொது வேலைநிறுத்தம்.

25 இரவு மொகிலியோவிலிருந்து தந்தி வந்தது: நாளைக்குள் குழப்பத்தை ஒடுக்குக. நகரப் படைத் தலைவர் கபாலோவுக்கு இந்த ஆணைதான் பேரிடி. அதுவரை கொசாக்குகள் கூட்டத்தை விலக்கினார்களே ஒழியச் சுடவில்லை. 26 ஞாயிறன்று படை சுட்டது. ஸ்னாமென்ஸ்காயா சதுக்கத்தில் பலர் இறந்தார்கள். சுட்டவர்களில் வொலீன்ஸ்கி படைப்பிரிவின் பயிற்சிக் கம்பெனியும் ஒன்று. அந்தச் சிப்பாய்கள் பெரும்பாலும் அண்மையில் கிராமத்திலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். எதிரே நின்றவர்களின் முகம் அவர்கள் ஊர் முகம். இரவெல்லாம் பேசினார்கள். 27 காலை அணிவகுப்பில் அதிகாரி கட்டளையிட்டபோது, சார்ஜென்ட் கிர்பிச்னிகோவின் தலைமையில், சுட மறுத்தார்கள். அதிகாரி அங்கேயே கொல்லப்பட்டார். அவர்கள் பக்கத்துப் படைவீடுகளுக்கு ஓடினார்கள். மாலைக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் மக்களோடு கலந்துவிட்டார்கள்.

என் முடிவில் ஜார் ஆட்சி முடிந்தது அந்தக் காலைப் பொழுதில். அதன்பின் நடந்தவை எல்லாம் அதற்கான எழுத்து வேலை.

அந்த எழுத்து வேலையும் சாதாரணமானதல்ல. அன்று மாலையே தவ்ரீதா அரண்மனையின் ஒரு பகுதியில் டூமா உறுப்பினர்களின் தற்காலிகக் குழுவும் மறுபகுதியில் தொழிலாளர், சிப்பாய் பேரவையான சோவியத்தும் கூடின. மார்ச் 1இல் சோவியத் தன் முதல் ஆணையை வெளியிட்டது: ஆயுதங்கள் சிப்பாய்க் குழுக்களின் பொறுப்பில், அதிகாரிகள் சிப்பாய்களை ஒருமையில் ஏசக் கூடாது. ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்கிய அந்த ஆணையின் எடையைத் தமிழரைவிட நன்றாக வேறு யார் உணர்வார்?

குடும்பத்தைச் சேரப் புறப்பட்ட ஜாரின் ரயில் மாலயா விஷேராவில் தடைபட்டு, திரும்பி, ப்ஸ்கோவில் நின்றது. தலைமை அலுவலர் அலெக்சேயேவ் களத்தளபதிகளிடம் தந்தியில் கருத்துக் கேட்டார். ஜாரின் சித்தப்பா உறவான இளவரசர் நிக்கொலாய் உட்பட, பதில் சொன்னவர்கள் முடிதுறக்கவே வேண்டினார்கள். மார்ச் 2 நள்ளிரவுக்குச் சற்று முன், டூமாவிலிருந்து வந்த குச்கோவ், ஷுல்கின் இருவர் முன்னிலையில், ரயில் பெட்டியில் நிக்கோலஸ் பென்சிலால் கையெழுத்திட்டார். மகன் அலெக்செய்க்கு இரத்தம் உறையாத நோய். அவன் தேறமாட்டான் என்று மருத்துவர் சொன்னதால், மகனுக்காகவும் சேர்த்துத் துறந்து தம்பி மிகயிலுக்கு முடியை விட்டார். 1797இல் பவெல் இயற்றிய வாரிசுச் சட்டம் அடுத்தவர் உரிமையைத் துறக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை. சட்டத்துக்கு அப்பாற்பட்டவராக ஆண்ட குலத்தின் கடைசிச் செயலும் சட்டத்துக்கு அப்பாற்பட்டதே. அது ஒரு தகப்பனின் செயல் என்பதால் என்னால் அதைக் கடுமையாக எடைபோட முடியவில்லை.

5. வரலாற்றாசிரியர்களின் வழக்கு

டிராட்ஸ்கி தம் ரஷ்யப் புரட்சி வரலாற்றில், பிப்ரவரி எழுச்சியை நடத்தியது யார் என்று ஓர் இயலுக்கே தலைப்பிட்டார். தானாக நடந்தது என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. கட்சிப் பயிற்சி பெற்ற, பெயர் தெரியாத தொழிலாளர்களே வழிகாட்டினார்கள் என்பது அவர் விடை. 1938இல் வந்த சோவியத் கட்சியின் அதிகாரபூர்வச் சுருக்க வரலாறு இதை இன்னும் நேர்கோடாக்கி, போல்ஷ்விக் கட்சிக்கே தலைமையைத் தந்தது. எதிர்முனையில் ரிச்சர்ட் பைப்ஸ், இது முதன்மையாக ஓர் இராணுவக் கலகம், ஜாரை இறக்கியது தெரு அல்ல, தளபதிகளும் அரசியல்வாதிகளும் என்றார். ட்சுயோஷி ஹசெகாவா பெத்ரோகிராதின் அந்த நாட்களை மணிக்கணக்கில் பிரித்து, தெருவின் எழுச்சியையும் மேல்தட்டின் பேரத்தையும் ஒன்றோடொன்று பின்னிக் காட்டினார்.

தளபதிகளின் பங்கை மறுக்க முடியாது. அவர்கள் ஜாருக்குப் பின்னால் நின்றிருந்தால் உள்நாட்டுப் போர் அப்போதே தொடங்கியிருக்கும். ஆனால் தளபதிகள் எந்தக் கணக்கில் முடிவெடுத்தார்கள்? தலைநகரை அடக்க ஜார் அனுப்பிய தளபதி இவானோவின் படை எதையும் செய்ய முடியாமல் திரும்பியது. அனுப்பும் படையும் வொலீன்ஸ்கி வழியில் போகும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். தந்தியில் அவர்கள் தேசநலன் பற்றிப் பேசினார்கள், நேர்மையாகவே பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் திறந்தது 27 காலை. பைப்ஸ் கலகம் என்ற சொல்லைக் குறைத்து மதிப்பிடும் தொனியில் ஆள்கிறார். சுட மறுத்தவன் முந்தின நாள் சுட்டவன் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. டிராட்ஸ்கியின் பெயர் தெரியாத தொழிலாளர் மெய்யானவர்கள். ஆனால் முதல் நாள் வெளியே வந்த பெண்கள் கட்சிப் பொறுப்பாளர்களின் சொல்லை மீறியே வந்தார்கள் என்பது அவர் விடையில் ஒரு விரிசல்.

6. 1918: சென்னையில் வேறு விதமாக

ஓராண்டு கழித்து இதே காரணங்கள் நம்மூரிலும் சேர்ந்தன. போர்க்கால விலையேற்றம், தானியத் தட்டுப்பாடு, பதுக்கல். 1918இல் சென்னை மாகாணத்தில் பல இடங்களில் தானியக் கலவரங்கள் வெடித்தன. செப்டம்பரில் சென்னை நகரத்துக் கடைகளும் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 27இல் பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர், முன்முயற்சி செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவருடையது.

பசியும் ஆலையும் இரண்டு ஊரிலும் இருந்தன. இங்கே ஆட்சி அசையவில்லை. பெத்ரோகிராதில் ரொட்டி வரிசையும் ஆலையும் படைவீடும் ஒரே நகரத்தில், சில மைல் தொலைவில் இருந்தன. வரிசையில் நின்றவளின் அண்ணனோ கணவனோ படைவீட்டில் இருந்தான். இங்கே ஊரில் சூறை நடந்தது, ஆலையில் சங்கம் வளர்ந்தது, படை வேறு மொழியோடு வேறு மாகாணத்திலிருந்து வந்தது. மூன்றும் சந்திக்கவில்லை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் படையைப் பல இனங்களாகப் பிரித்து, ஓர் ஊர்க்காரனை அவன் ஊரில் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டதன் பலன் இது.

நம் சொந்த ராஜாக்களின் முடிவும் இதே கோணத்தில் தெளிவாகிறது. திருத்தணிப் பகுதியை உள்ளடக்கியிருந்த கார்வேட்டிநகர் போன்ற ஜமீன்கள் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு போயின. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்தது. இளைஞரான ராஜகோபாலத் தொண்டைமான் கையெழுத்திட்டார். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. கட்டளையிடும் அதிகாரம் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே அவர்கள் கையிலிருந்து கலெக்டர் கைக்கும் ரெசிடெண்ட் கைக்கும் போய்விட்டது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தபோது போனது தொகை மட்டுமே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்ப்பவருக்கு விபோர்க் பகுதி புத்தகத்தில் மட்டும் இருக்கும் இடமாகத் தெரியாது. உருக்கு உலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் போகிறவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்க இளைஞர்கள். ஊரில் துண்டு நிலம், கடன், சட் பூஜைக்கோ அறுவடைக்கோ ஊர் போகும் ரயில். ஒப்பந்தக்காரரின் அறையில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் படுக்கும் பாய். ரஷ்ய ஆலைப் பகுதிகளைப் பற்றிய நூல்களில் இதே பாய், இதே கடன், இதே அறுவடைப் பயணம் இருக்கின்றன. இதைக் கொண்டு நான் எந்த ஆரூடமும் சொல்லவில்லை. நிலைமைகள் வேறு, காலம் வேறு, இங்கே இவர்களுக்கு வாக்குரிமை உண்டு, ஊரில். ஆனால் ஜாரை வீழ்த்தியது யார் என்று இந்த வாயில்களில் பேசும்போது, பேச்சாளர் சுட்டும் படத்தில் தலைவர் மட்டும் இருப்பதும் கேட்டுக்கொண்டு நிற்பவர் அதில் இல்லாதிருப்பதும் எனக்கு வலிக்கிறது. அவரைப் போன்றவர்தான் அதைச் செய்தார். முதலில் செய்தவர் பெண்.

7. சிறுமியின் மேசை

மார்ச் 3 காலை பெத்ரோகிராதின் மில்லியோன்னாயா தெரு 12ஆம் எண் வீட்டில், இளவரசி புத்யாதினாவின் குடியிருப்பில், மிகயில் தங்கியிருந்தார். முந்தின இரவு தம்மைக் கேளாமலே தாம் ஜாராகிவிட்ட செய்தி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. டூமா குழுவிலிருந்து உருவான இடைக்கால அரசின் அமைச்சர்கள் வந்து சூழ்ந்தார்கள். மில்யுகோவ் முடியை ஏற்கச் சொல்லி மன்றாடினார்; கெரென்ஸ்கி ஏற்க வேண்டாம் என்றார். தம் உயிருக்கு உத்தரவாதம் தர முடியுமா என்று மிகயில் டூமா தலைவர் ரொஜியான்கோவைக் கேட்டார். முடியாது என்ற பதில் வந்தது. கட்டளைக்குப் பணியும் ஒரு படைப்பிரிவுகூட நகரத்தில் இல்லை.

மறுப்பு அறிக்கையை எழுத நபோகோவ், நோல்தே என்ற இரு சட்ட வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அந்த வீட்டில் அலுவலக மேசை இல்லை. வீட்டுச் சிறுமி பாடம் படிக்கும் அறையில், அவளுடைய பள்ளி மேசையில் உட்கார்ந்து நபோகோவ் எழுதினார். அரசியல் நிர்ணய சபை அழைத்தால் மட்டுமே முடியை ஏற்பேன் என்பது அதன் சாரம். மிகயில் கையெழுத்திட்டார். முந்நூற்று நான்கு ஆண்டு ரோமனோவ் ஆட்சி அங்கே முடிந்தது. ஆனால் குடியரசு என்று யாரும் அன்று அறிவிக்கவில்லை. செப்டம்பர் 1இல் கெரென்ஸ்கி அறிவிக்கும் வரை ஆறு மாதம் ரஷ்யா முடியரசாகவும் இல்லை, குடியரசாகவும் இல்லை. அந்த ஆறு மாதமும் கிராமங்களில் உழவர்கள் நிலத்தை அளந்து பங்கிடத் தொடங்கியிருந்தார்கள்.